மிளகின் எடை

2024 ஜூன் 11, செவ்வாய்

நான்காம் ஷெட்டில் ஒன்பது கோழி செத்துக் கிடந்தது. ஐந்தாம் ஷெட்டில் இரண்டு. தூறல் போட்டு நின்றதில் ஈ மொய்க்கிறது. தீவன லாரி மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தது. டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தப்பில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சத்யா போன் செய்தாள்.

அவள் ஒரு பையனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அவள் நம்பரை அன்றைக்கே அழித்துவிட்டதால் திரையில் பெயர் வரவில்லை. மருந்துக் கம்பெனிக்காரன் என்று நினைத்து "சொல்லுங்க" என்றேன். "அப்பா, நான் சத்யப்ரியா" என்றாள். முழுப்பெயர். பெற்ற மகள் தன் முழுப்பெயரைச் சொல்லித்தான் என்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். அவளும் அந்தப் பையனும் வேலை விஷயமாக ஒரு வருடம் ஜெர்மனி போகிறார்கள். (பையன் பெயர் ஜெயபிரகாஷ். எழுதினால் கை வெந்துவிடாது.) அவர்களிடம் ஒரு லேப்ரடார் நாய் இருக்கிறது. விட்டுப்போக இடமில்லை. "வேற யாரையும் நம்பி உட முடியலைங்கப்பா" என்றாள்.

உங்க அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இருபத்தொன்பது வருடத்தில் மஞ்சுளாவைக் கேட்டு நான் எதையும் செய்ததில்லை. அது சத்யாவுக்கும் தெரியும்.

ஜூன் 12

'சரி' என்று மெசேஜ் அனுப்பினேன். அதை அடிக்க அரை மணி நேரம்.

ஜூன் 23, ஞாயிறு

கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்கு வரவில்லை, பண்ணை கேட்டோடு சரி. அந்தப் பையன் காரை விட்டு இறங்கவில்லை. இறங்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சத்யா இளைத்திருக்கிறாள். நாயும்தான். உண்மையைச் சொன்னால், பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. ராசிபுரத்தில் மச்சான் நாச்சிமுத்து லேப்ரடார் வளர்த்து விற்கிறான். அங்கே பார்த்த நாய்களுக்குப் பானை போலத் தலை, அகன்ற மார்பு, குட்டைக் கால், அடி பருத்த வால். இது கறுப்பாக, நெட்டைக் காலாக, முகம் ஒடுங்கி, வயிறு உள்ளே ஒட்டி நிற்கிறது. பெயர் மிளகு. வயது இரண்டரை.

"இது வேலைக்குன்னே வளர்த்த வம்சம்ங்கப்பா. ஷோவுக்கு வளர்க்கற லேப் வேற. இவன் இப்படித்தான் இருப்பான், ஒல்லின்னு நினைச்சுக்காதீங்க" என்றாள். ஒரு அளவுக் கப்பைக் கொடுத்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முட்டை ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. முட்டைப் பண்ணையில் நின்றுகொண்டு சொல்கிறாள்.

"இருபத்தெட்டு கிலோ இருக்கான். இதைத் தாண்ட உட்றாதீங்கப்பா."

தீவனத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். 28.400. கார் போகிற வரைக்கும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9

இந்த நாயால் சும்மா இருக்க முடியாது. எதையாவது தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுக்க வேண்டும். பொன்னாயி செருப்பு, சாக்குத் துண்டு, மண்வெட்டிப் பிடி. பொன்னாயி பன்னிரண்டு வருடமாக முட்டை பொறுக்குகிறவள், தம்மம்பட்டிப் பக்கத்துக்காரி, யாருக்கும் பயப்பட மாட்டாள். "உங்க நாய் என்னை விட நல்லா வேலை பாக்குது, சம்பளத்தைப் பாதியா பிரிச்சுக் குடுங்க" என்கிறாள்.

இன்றைக்குக் கூண்டிலிருந்து உருண்டு விழுந்த முட்டையை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தது. ஒரு கீறல் இல்லை. எச்சில் மட்டும். சத்யாவிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

நாச்சிமுத்து வந்திருந்தான். மிளகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது லேப்பே இல்லைங்க மாமா. கிராஸ். உங்க புள்ளைய எவனோ நல்லா ஏமாத்திப்புட்டான்" என்றான். அதோடு விட்டானா? போகிற போக்கில், "நாப்பதாயிரம் கோழிக்குத் தீனி போடறீங்க, ஒரு நாய்க்குப் போட மாட்டேங்கறீங்களா? எலும்பு எண்ண முடியுது" என்றான்.

மஞ்சுளா சிரித்துவிட்டாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஏற்கெனவே ஒருத்தன் என் மகளை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனான் என்று ஊர் பேசுகிறது. இதில் நாய் வேறா?

நவம்பர் 17, ஞாயிறு

சேலத்தில் நாய்க் கண்காட்சி. லேப்ரடார்தான் என்று நாலு பேர் முன்னால் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. சத்யாவுக்குச் சொல்லவில்லை. பரிசோடு போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று இருந்தேன்.

எங்கள் வரிசையில் ஆறு நாய். மற்ற ஐந்தும் கோவில் தூண் மாதிரி அசையாமல் நின்றன. இது பக்கத்து நாய்க்காரன் கையில் இருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்தது. கூட்டம் சிரித்தது. பெங்களூரிலிருந்து வந்த நடுவர் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து காலையும் தோளையும் தடவிப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொன்னார். சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். பரிசு இல்லை.

'ஃபீல்ட் டைப். லேக்ஸ் சப்ஸ்டன்ஸ்.'

கூட வந்திருந்த நாச்சிமுத்து படித்துக் காட்டினான். "ஃபீல்ட்னா காடு மாமா. காடு மேட்டுல திரியற நாய்ங்கறாரு. சப்ஸ்டன்ஸ் லேக்னா சத்து பத்தலைங்கறாரு. நாஞ் சொன்னதைத்தான் அவரு இங்கிலீசுல எழுதியிருக்காரு."

சத்து பத்தவில்லை. என் கையில் இருக்கிற உயிருக்குச் சத்து பத்தவில்லை என்று ஒருத்தன் எழுதிக் கொடுத்து நான் வாங்கி வந்திருக்கிறேன். முப்பத்தோரு வருடமாக நான் பார்க்கிற தொழிலே தீனி போடுவதுதான்.

கப்பை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 30

காலையில் ஆறு உடைசல் முட்டை, அவித்து. மத்தியானம் கழித்துவிட்ட கோழி ஒன்று, சோற்றோடு. சாயங்காலம் மறுபடியும் முட்டை. போட்டதெல்லாம் போகிறது. போதும் என்றே சொல்லத் தெரியாத வயிறு. 31.600.

டிசம்பர் 15

34.200. கழுத்து உருண்டு வந்திருக்கிறது. முகம்கூடக் கொஞ்சம் அகன்ற மாதிரி தெரிகிறது. நாச்சிமுத்து, "இப்பத்தான் மாமா லேப்பு மாதிரி இருக்குது" என்றான். எனக்குச் சந்தோஷம். பொய் எழுதுவானேன், ரொம்பவே சந்தோஷம். அவள் வந்து பார்க்கட்டும். வளர்க்கத் தெரியாதவன் இல்லை அவள் அப்பன்.

2025 ஜனவரி 3

புது டைரி. மருந்துக் கம்பெனி கொடுத்தது, முதல் பக்கத்தில் கோழிப் படம்.

மிளகு எழுந்திருக்கும்போது முதலில் முன்னங்காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் யோசிக்கிறது. குளிர் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 11

பின்னங்கால் ஒன்றை ஊன்றவில்லை. தராசில் ஏற்றினோம், இரண்டு பேர் தூக்கி. 41.000. ஆறு மாதத்துக்கு முன் தானாகத் தாவி ஏறியது.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு எல்லோரும் போட்டோ அனுப்புகிறார்களே என்று மஞ்சுளா சத்யாவுக்கு மிளகின் போட்டோவை அனுப்பிவிட்டாள். கழுத்தில் மாலை போட்டு எடுத்தது.

இரண்டு நிமிடத்தில் போன்.

"அப்பா, இது யாரு?"

"மிளகுதான் சாமி."

போனில் அழுகிற சத்தம். நான் வாயைத் திறந்து கால் விஷயத்தையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். "எடை என்ன?" என்றாள். சொன்னேன். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு என்னிடம் கேட்டது சம்மதம் ஒன்றுதான், அதைக் கொடுக்கவில்லை. இது இரண்டாவது.

ஜனவரி 13

நாமக்கல்லில் கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மூட்டில் தசைநார் கிழிந்திருக்கிறதாம். எடை குறையாமல் ஆபரேஷன் செய்ய முடியாது, குறைத்தால் ஒருவேளை ஆபரேஷனே வேண்டியிருக்காது என்றார்.

நடுவர் எழுதிய சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சப்ஸ்டன்ஸ்னா சத்து இல்லைங்க. எலும்புக் கனம், உடம்பு வாகு. பிறப்புலயே வரணும், தீனியில வராது. ஃபீல்ட் டைப்னா வேலைக்கு வளர்த்த வகை. துப்பாக்கியில சுட்ட பறவைய ஓடிப்போய் எடுத்து வரதுக்காக நூறு வருஷமா பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது. ஷோ வகையத் தலைக்கும் மார்புக்கும் பொறுக்குனாங்க. ரெண்டும் லேப்தான். அவர் உங்க நாயைக் குறை சொல்லலை, வேற வரிசைல நிக்குதுன்னு சொல்லியிருக்கார்."

போகும்போது இன்னொன்றும் சொன்னார். "நீங்க எடையைத்தான் ஏத்தியிருக்கீங்க. மனசு அதே வேலைக்கார மனசுதான். பந்து, குச்சி எதுவும் எறியாதீங்க. இதுக்கு நிறுத்தத் தெரியாது."

ஜனவரி 16

பொன்னாயி கேட்டுவிட்டாள். எல்லோர் முன்னாலும். "ஏங்க, போன வருஷம் தீவனம் போடற பையன் லேயர் ஷெட்டுல பிராய்லர் தீவனத்தைக் கொட்டிப்புட்டான்னு உரிச்சுத் தொங்கவுட்டீங்களே. முட்டைக்கோழி எடை போட்டா செத்துரும்னு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க. நாய்க்கு மட்டும் அது தெரியலையா?"

போய் மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டேன்.

கோழி என்று பொதுவாக எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எந்தக் கோழி என்று கேட்பேன். முட்டைக்கு வளர்த்த இனம் ஒன்றரை கிலோவைத் தாண்டினால் ஈரலில் கொழுப்பு கட்டிச் சாகும். கறிக்கு வளர்த்தது ஐந்தே வாரத்தில் இரண்டு கிலோ நிற்கும். ரெண்டும் கோழிதான், ரெண்டுக்கும் ஒரே தட்டு வைக்கிறவன் முட்டாள். இதை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். மகள் அதே வார்த்தையில்தான் கேட்டில் நின்று சொன்னாள். தெரிஞ்சும் பண்ணேன். என்னத்துக்கு? நாச்சிமுத்து சிரிச்சான்னா? இல்லை அவ சொல்லி நான் கேட்கறதான்னா?

ஜனவரி 19, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு போன். அங்கே விடியவில்லை.

"எவ்வளவு?"

"நாப்பது அறநூறு."

வைத்துவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

"எவ்வளவு?" "நாப்பது நூறு." வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

39.500. வைப்பதற்கு முன் ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான். நாள் முழுக்க அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மஞ்சுளா, "ஏனுங்க, சளி புடிச்சிருக்கும்" என்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

38.400. கப்பைப் பரணிலிருந்து இறக்கி ஒரு மாதம் ஆகிறது. மிளகு தட்டை நக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறது. அந்தப் பார்வையைத் தாங்குவது இருக்கிறதே. எழுந்து போய்விடுகிறேன்.

சத்யா இன்று "கால் ஊணறானா?" என்று கேட்டாள். இரண்டு கேள்வி.

மார்ச் 9, ஞாயிறு

36.900. "நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். இட்லி என்றேன். ஜனவரிக்குப் பிறகு இன்றைக்குத்தான் அப்பா என்ற சொல். நாய் இளைக்க இளைக்க அவள் பேச்சு நீள்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

35.700. அந்தப் பையன் பேசினான். "வணக்கங்க மாமா, ஜெயபிரகாஷ் பேசறேன்." நான் "ம்" என்றேன். "வெயில் எப்படிங்க?" என்றான். "ஜாஸ்திதான்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மஞ்சுளா சமையல்கட்டுக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மிளகு நான்கு காலையும் ஊன்றி நடக்கிறது. காலை ஆறு மணிக்குப் பண்ணையை ஒரு சுற்று, கயிற்றில், மெதுவாக. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், முப்பதுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

34.800. ஜூன் 22 வருகிறார்கள். டிக்கெட் போட்டாயிற்று. "ஊட்டுக்கே வாரோம்ப்பா. ரெண்டு பேரும். நாலு நாள் இருப்போம். அப்புறம் மிளகைக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள்.

ஊட்டுக்கே வாரோம். மஞ்சுளாவிடம் மூன்று முறை சொன்னேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

34.600. ஒரு வாரத்தில் இருநூறு கிராம்தான். "ஏன்ப்பா நின்னுருச்சு?" என்றாள். குரல் பழையபடி ஆன மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

முப்பதுக்கு இன்னும் நாலரைக் கிலோ. ஒன்பது வாரம் இருக்கிறது. நடை போதவில்லை.

ஏப்ரல் 24

தேங்காய் மட்டை ஒன்றைச் சும்மா எறிந்தேன். பத்தடிதான். மிளகு போய் எடுத்துவந்து கையில் கொடுத்தது. எத்தனை மாதம் ஆயிற்று அந்த முகத்தைப் பார்த்து. ஐந்து தடவை எறிந்தேன். காலில் நொண்டல் இல்லை. டாக்டரம்மா சொன்னது ஜனவரியில், அப்போது நாற்பத்தொன்று.

ஏப்ரல் 26, சனி

எழுத வேண்டும்.

காலையில் தீவனம் போட்டு முடிக்க ஒன்பதாகிவிட்டது. மட்டையை எடுத்ததும் மிளகு வந்துவிட்டது. இருபது தடவை என்று நினைத்துக்கொண்டேன். இருபது ஆனதும் மறுபடி கொண்டுவந்து கையில் வைத்துப் பார்த்தது. இன்னும் கேட்கிறதே என்று எறிந்தேன். களைத்தால் நிற்கும் என்று நினைத்தேன். கோழி அப்படித்தான், முடியவில்லை என்றால் மூலையில் ஒதுங்கிவிடும், தீனி தொடாது, பார்த்ததும் தெரிந்துவிடும். இது நாக்கு தரையில் படுகிற மாதிரி தொங்க ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தது. ஒரு தடவைகூடக் கீழே போடவில்லை. கடைசித் தடவை என் பக்கம் திரும்பி நாலு எட்டு வந்து பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. வாயில் மட்டை இருந்தது.

பொன்னாயி குடத்தோடு ஓடிவந்தாள். ஹோஸைப் பிடித்தோம். ஈறு செங்கல் நிறம். வேனில் ஏற்றி ஊர் எல்லை தாண்டவில்லை. போய்விட்டது.

அதே நேரத்தில் ஆறு ஷெட் கூரை மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. நான்தான் எட்டரைக்கே போட்டுவிட்டிருந்தேன். வெயில் தாங்காமல் ஒரு கோழி சாகக் கூடாதென்று.

கோழி போடும் குழி வேண்டாம் என்று கிழக்கு வேலியோரம் புதைத்தோம். நிறுத்தத் தெரியாதுன்னு சொன்னாங்களே. சொன்னாங்களேடா. அவனுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது?

மஞ்சுளா, "புள்ளைக்கு போன் பண்ணுங்க" என்றாள். நாளைக்கு ஞாயிறுதானே, அவளே செய்வாள் என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எட்டு மணிக்கு போன் வந்தது. மஞ்சுளா எதிரில் நின்றாள்.

"எவ்வளவுங்கப்பா?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். "முப்பத்தி நாலு நூறு" என்றேன்.

"பாத்தீங்களா, மறுபடி குறைய ஆரம்பிச்சிருச்சு. நீங்க கஷ்டப்பட்டது வீண் போகலைப்பா" என்றாள். பிறகு பேசிக்கொண்டே இருந்தாள். பதினெட்டு நிமிடம். ஜெயபிரகாஷுக்கு நாமக்கல் மலைக்கோட்டை பார்க்க வேண்டுமாம். எனக்கு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறாளாம், இந்த ஊரில் எப்போது போடுவீர்களோ என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மஞ்சுளா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் வருவதற்கு இன்னும் எட்டு ஞாயிறு. வாரம் அரைக் கிலோ குறைத்துச் சொன்னால் ஜூன் 22-இல் முப்பது கிலோ நூறு கிராமில் வந்து நிற்கும். போட்டுப் பார்த்துவிட்டேன்.